ஈட்டியா, மஹோகனியா? கிட்டார் வாங்குவோர் கேட்டவை

நாட்டார் பாடல் பாட கிட்டார் தேடுகிறேன். விரலால்தான் மீட்டுவேன். கடைக்காரர் ட்ரெட்நாட்தான் நல்லது என்கிறார்.
- கொட்டாஞ்சேனை வாசகி

அவரிடம் அதுதான் அதிகம் இருக்கும். 1916இல் மார்ட்டின் நிறுவனம் செய்த இந்தப் பெரிய உடலுக்குப் பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயர். ஓசையும் அப்படித்தான். நாலு பேர் கைதட்டிப் பைலா பாடும் இடத்தில் பிக்கால், அதாவது தந்தி மீட்டும் சிறு தகட்டால், அடித்தால் பிரமாதம். தெம்மாங்கையோ தாலாட்டையோ ஒற்றைக் குரல் பாடும்போது, அதன் அடித்தந்திகளின் முழக்கம் சொற்களை விழுங்கிவிடும்.

உங்களுக்கு ஓ.எம். (ஓர்கெஸ்ட்ரா மொடல்) என்ற சிறிய உடல் வடிவம் பொருந்தும். இடுப்பு ஒடுங்கியது, மடியில் அடங்கும், ஆறு தந்திகளும் சமமாகப் பேசும். கழுத்தின் தலைப்பகுதியில் அகலம் 44 மில்லிமீட்டருக்குக் குறையாததாகப் பாருங்கள். 43 என்றால் விரல்கள் ஒன்றையொன்று இடிக்கும்.

பின்பலகை ஈட்டி மரமாக இருந்தால் கூடுதலாக நாற்பதாயிரம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- தெஹிவளை வாசகர்

மரத்துக்கும் சாதி பார்ப்பவர்கள் நாம்! ஈட்டியில் அடிநாதம் ஆழம், மஹோகனியில் நடுச்சுரம் துலக்கம் என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரித்தானியாவின் லான்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறுபட்ட ஆறு கிட்டார்களை 52 கலைஞர்களிடம் மரம் தெரியாதபடி கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். 2018இல் வெளியான முடிவு: மலிவு மரத்துக்கும் அரிய மரத்துக்கும் அவர்கள் தந்த மதிப்பெண்களில் பெரிய வேறுபாடு இல்லை. அதற்கும் முன்பே, 1862இல், ஸ்பெயினின் கிட்டார் கைவினைஞர் டோரெஸ் பின்பக்கத்தையும் பக்கங்களையும் காகித அட்டையாலேயே செய்து காட்டிவிட்டார். பாடுவது மேல்பலகைதான் என்பது அவர் கட்சி.

ஆகவே அந்தப் பணத்தை மேல்பலகைக்குக் கொடுங்கள். அது ஒட்டுப்பலகையா, முழுப்பலகையா என்று அறிய ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் ரேகை விளிம்பின் தடிப்பிலும் தொடர்ந்து இறங்கினால் முழுப்பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரமா, சிடார் மரமா?
- மருதானை வாசகர்

மெல்ல மீட்டுபவருக்கு சிடார். அடித்து வாசிப்பவருக்கு ஸ்ப்ரூஸ். சிடார் மென்மையானது, நகம் பட்டாலே தழும்பாகும்.

வெள்ளவத்தையில் கடலோரம் வீடு. ஆறு மாதத்தில் தந்திகள் துருப்பிடித்து, மேல்பலகையும் பிரிட்ஜுக்கு (தந்திகளின் அடிமுனை பூட்டிய கட்டை) பின்னால் வீங்கிவிட்டது. மரம் மோசமா?
- வாசகர்

மரத்தில் பிழை இல்லை. காற்றில் 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் இருந்தால் கிட்டாருக்குச் சுகம். கொழும்பில் அது பெரும்பாலும் எழுபதுக்கு மேலே. மரம் ஈரத்தைக் குடித்து உப்புகிறது, தந்தி உயர்ந்து விரல் நோகிறது. சுவரில் மாட்டி அழகு பார்க்காதீர்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், வாசித்ததும் தந்தியைத் துடையுங்கள். மேற்பூச்சுள்ள தந்தி விலை கூடத்தான், ஆனால் உப்புக்காற்றில் அதிக நாள் தாங்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், பசை இளகும்.

நைலோன் தந்தி கிட்டாரில் உருக்குத் தந்தி பூட்டலாமா?
- பம்பலப்பிட்டி மாணவன்

வேண்டாம், தம்பி. இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும், பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும். அப்படிப் பெயர்ந்த ஒன்று இப்போதும் என் மேசையில் கிடக்கிறது.