மொம்பாசாவுக்கும் ஐந்து நாள் ஒதுக்குங்கள்

கொழும்பில் தேயிலை ருசிபார்க்கும் வேலையில் இருந்தவன் நான். அதே தொழில் என்னைக் கென்யாவின் மொம்பாசாவுக்குக் கொண்டுபோய்ப் பல வருடங்கள் குடிவைத்தது. அதனால்தானோ என்னவோ, கென்யா பற்றிய கடிதங்களை எல்லாம் சேர்த்துவைத்து இந்த இதழில் பதில் எழுதும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார்.

ஓகஸ்ட் விடுமுறையில் இரண்டு பிள்ளைகளுடன் பத்து நாள் கென்யா போக இருக்கிறோம். பயண முகவர் தந்த திட்டத்தில் நைரோபி, மாசாய் மாரா, அம்போசெலி, நக்குரு என்று எல்லாமே வனவிலங்குதான். "யானை பார்க்க மின்னேரியா போதாதா?" என்கிறார் கணவர். உங்கள் ஆலோசனை என்ன ஐயா?
— ஆசிரியை ஒருவர், வெள்ளவத்தை

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வரட்சிக் காலத்தில் மின்னேரியாக் குளக்கரையில் கூடும் யானைகளைப் பார்க்க உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் கென்யாவில் நீங்கள் காணப்போவது வேறு இனம். காது தோளையே மூடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. நம் நாட்டில் ஆண் யானைகளிலேயே மிகச் சிலவற்றுக்குத்தான் தந்தம். சாவோ வனத்து யானைகள் அங்குள்ள செம்மண்ணை அள்ளிப் பூசிக்கொண்டு சிவப்பாகவே நிற்கும். பிள்ளைகளுக்கு அது மறக்காது.

மாராவைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், மூன்று இரவு. ஜூலை முதல் ஒக்டோபர் வரை தன்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்கள் புல்லைத் தேடி வடக்கே வரும் காலம் அது. அவை மாரா ஆற்றைக் கடக்கும் நாளையும் நேரத்தையும் யாராலும் சொல்ல முடியாது. உறுதியாகக் காட்டுவதாக ஒரு முகவர் சொன்னால் நம்பவேண்டாம். செலவையும் சொல்லிவிடுகிறேன்: 2024 முதல், ஜூலையிலிருந்து டிசெம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு மாரா நுழைவுக் கட்டணம் நாளொன்றுக்கு 200 டொலர். முகவரின் தொகையில் இது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அம்போசெலியையும் நக்குருவையும் இந்த முறை விட்டுவிடுங்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் ஒரு வனத்திலிருந்து அடுத்த வனத்துக்கு மணிக்கணக்காகத் தெருவிலேயே போகும். மிஞ்சும் ஐந்து நாளைக் கடற்கரைக்குக் கொடுங்கள். கென்யாவை வெறும் மிருகக்காட்சி நாடாகவே நம்மவர்கள் நினைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நம்மைத் தொடும் அதே இந்து சமுத்திரம் அந்தக் கரையையும் தொடுகிறது. நம் வாடைக்காற்றும் சோளகமும்தான் ஆயிரம் வருடங்களுக்கு மேலாக அந்தத் துறைமுகங்களுக்கும் பாய்க்கப்பல்களை ஓட்டின. தீவில் பிறந்த நாம் அங்கே போய் அந்தக் கரையைப் பார்க்காமல் திரும்பலாமா?

நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு ரயிலில் போங்கள். 2017இல் தொடங்கிய பாதை, ஐந்தாறு மணி நேரப் பயணம். பகல் வண்டியில் ஏறுங்கள், ஏனென்றால் பாதை சாவோ வனத்தின் நடுவே போகிறது. ஜன்னல் வழியே யானையும் வரிக்குதிரையும் தெரியும். இதே சாவோவில்தான் 1898இல் பழைய ரயில் பாதைக்குப் பாலம் கட்டியபோது இரண்டு சிங்கங்கள் தொழிலாளர்களை இரவிரவாக இழுத்துச் சென்றன. அங்கே உயிர்விட்டவர்களில் பலர் இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். நம் மலையகத்து வரலாறு தெரிந்த பிள்ளைகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள். நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட வேண்டும். பெட்டிகளை வரிசையாக வைத்து மோப்ப நாயைக் கொண்டு சோதித்த பிறகுதான் உள்ளே விடுவார்கள்.

மொம்பாசாவில் முதல் காலையை ஜீசஸ் கோட்டைக்கு ஒதுக்குங்கள். போர்த்துக்கேயர் 1593இல் தொடங்கிக் கட்டியது. பவளப்பாறைச் சுவர், கடலைப் பார்த்த பீரங்கிகள். யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு அங்கே நிற்கும்போது மனதில் ஏதோ செய்யும். யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். இந்தக் கோட்டையை அதற்கு நாற்பது வருடம் கழித்து, இரண்டு வருடத்துக்கும் மேல் நீடித்த முற்றுகையின் முடிவில் ஓமானியரிடம் இழந்தார்கள். அந்த முற்றுகையின்போது மூழ்கிய போர்த்துக்கேயக் கப்பலிலிருந்து எடுத்த பொருட்கள் உள்ளேயுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கோட்டையைவிட்டு வெளியே வந்ததும் பழைய நகரத்து ஒழுங்கைகளில் நடங்கள். செதுக்கு வேலை செய்த மரக்கதவுகளும் மேலே தொங்கும் மரமாடங்களும் இன்னும் இருக்கின்றன. பின்னேரத்தில் கடலோரமாக மரவள்ளிச் சீவல் பொரித்து, தேசிக்காயும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள். கூடவே ஒரு இளநீர். காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த இடம் உடனே பிடித்துவிடும்.

அடுத்து கெடி. மொம்பாசாவிலிருந்து வடக்கே, வட்டாமு கடற்கரைக்குப் பக்கத்தில் காட்டுக்குள் கைவிடப்பட்ட ஒரு முழு நகரம். மாளிகை, பள்ளிவாசல், ஆழமான கிணறுகள், வீடுகள் எல்லாம் பவளக்கல்லில் கட்டியவை. சுவர்களின் மேல் பெரிய மரங்கள் வேரோடிக் கிடக்கின்றன. இங்கே தோண்டியபோது சீனப் பீங்கான்கள் கிடைத்தன. அந்த அளவுக்கு விரிந்த வணிகம். பதினேழாம் நூற்றாண்டில் மக்கள் இதைவிட்டுப் போய்விட்டார்கள். 2024இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள். அநுராதபுரத்துக்குப் போவதுபோல காலையிலேயே போங்கள், வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். கல்லைப் பார்த்துவிட்டுக் கதையைக் கேளாமல் வந்தால் பாதிப் பயணம்தான்.

மிச்ச நாள் மொம்பாசாவுக்குத் தெற்கேயுள்ள டியானி கடற்கரை. ஒரு விஷயம் மட்டும் கவனம். கொழும்பில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்கும் குறைவு, நாம் அதைக் கவனிப்பதே இல்லை. அங்கே சில நாட்களில் மூன்று மீற்றருக்கு மேலும் ஏறி இறங்கும். காலையில் குளித்த இடத்தில் மத்தியானம் வெறும் மணலும் பாறைக் குட்டைகளும்தான் இருக்கும். குட்டைகளில் நட்சத்திர மீனும் நண்டும் பார்க்கலாம். ரப்பர் செருப்புப் போட்டு நடங்கள், பவளத்தை மிதிக்காதீர்கள், எதையும் கையில் எடுக்காதீர்கள். திரும்பிவரும் தண்ணீர் வேகமாக வரும், ஆகவே அன்றன்றைய வற்றுப்பெருக்கு நேரத்தை ஹோட்டலில் கேட்டுவிட்டே பிள்ளைகளை இறக்குங்கள். ஓகஸ்டில் தெற்குக் காற்று அடிப்பதால் கடல் சற்றுக் கலங்கலாக இருக்கும். கண்ணாடி போட்டுப் பவளமும் மீனும் பார்க்க நவம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல காலம்.

ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் போகலாமா?
— வாசகர், தெஹிவளை

வேண்டாம். மார்ச் கடைசியிலிருந்து மே வரை அங்கே பெருமழைக் காலம். வனத்தில் வாகனங்கள் சேற்றில் புதையும், கடற்கரை ஹோட்டல்களில் சில மூடியே இருக்கும். ஜனவரி, பெப்ரவரியில் லீவு எடுக்க முடிந்தால் அருமையான காலம், மாரா கட்டணமும் பாதிதான்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? மலேரியாவுக்கும் மருந்து எடுக்கவேண்டும் என்கிறார்களே?
— வாசகி, கொட்டாஞ்சேனை

இரண்டையும் அலட்சியம் செய்யாதீர்கள். கென்யாவிலிருந்து திரும்பும்போது கட்டுநாயக்கவில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் ஊசி போடலாம். போட்டுப் பத்து நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும், அதன்பின் ஆயுள் முழுக்கப் போதும். ஆகவே கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முதலில் வைத்தியரிடம் கதைக்க வேண்டும்.

மலேரியா பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. எத்தனையோ பேரின் பல்லாண்டு உழைப்பு அது. ஆனால் அந்த நோயைப் பரப்பும் நுளம்பு இன்னும் நம் நாட்டில் இருக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் காய்ச்சலுடன் வந்தால் மறுபடி பரவ இடமுண்டு. நாரஹேன்பிட்டியிலுள்ள மலேரியா ஒழிப்பு இயக்கத்தில் பயணிகளுக்குத் தடுப்பு மருந்தை இலவசமாகத் தருகிறார்கள். எந்த மருந்து, போவதற்கு எத்தனை நாள் முன்பு தொடங்குவது என்று அவர்களே சொல்வார்கள். வந்தபிறகும் சொன்ன நாள்வரை விடாமல் விழுங்குங்கள். திரும்பிப் பல மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், "நான் ஆபிரிக்கா போய் வந்தேன்" என்பதை வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள். இங்கே காய்ச்சல் என்றதும் எல்லோரும் டெங்குவைத்தான் நினைப்பார்கள்.

அப்புறம், விசாவுக்குப் பதிலாக 2024 ஜனவரியிலிருந்து இணையவழி முன்அனுமதி முறை இருக்கிறது. கைக்குழந்தைக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். அவரையும் அழைத்துப்போக ஆசை. பட்டினி கிடப்பாரோ என்று பயம்.
— மகள் ஒருவர், பம்பலப்பிட்டி

தாராளமாக அழைத்துப்போங்கள் மகள். மொம்பாசாவில் காலையுணவே அம்மாவுக்கு ஏற்றது. துவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கறியும், ஏலக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பிசைந்து பொரித்த மஹம்ரியும் அந்தக் கரையின் அன்றாடச் சாப்பாடு. சில வீடுகளில் மஹம்ரி மாவில் முட்டை சேர்ப்பதுண்டு, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சப்பாத்தி கென்யா முழுவதும் கிடைக்கும். நைரோபியிலும் மொம்பாசாவிலும் தலைமுறை தலைமுறையாகக் குஜராத்தியர் வாழ்கிறார்கள், சைவ உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. உள்நாட்டவர் சாப்பிடும் உகாலி சோளமாக் களிதான், கூடவே வதக்கிய கீரை. அம்மாவுக்கு ஒத்துப்போகும். வன விடுதிகளுக்கு மட்டும் முன்கூட்டியே எழுதி அறிவித்துவிடுங்கள். எதற்கும் ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய் பெட்டிக்குள் இருக்கட்டும். அதை பொலித்தீன் பையில் சுற்றவேண்டாம். 2017 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. சேலைகளையும் துணிப்பையிலேயே மடித்து வையுங்கள்.

ஜூலை, ஓகஸ்டில் நைரோபியில் நுவரெலியாக் குளிர். உயரமும் ஏறக்குறைய அதேதான். அம்மாவுக்கு ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.

லாமு தீவின் பழைய பள்ளிவாசல்களைப் பார்க்க விருப்பம். பாதுகாப்பானதா?
— வாசகர், மருதானை

உங்கள் ஆசையை மெச்சுகிறேன். 2001இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நகரம் அது. மக்கள் இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கும் பழைய சுவாஹிலி நகரம். ஒழுங்கைகள் குறுகியவை, சுமை தூக்குவது கழுதைகள்தான். தொழுகை நேரத்தில் ஊரே அடங்கி நடக்கும் விதத்தை நீங்கள் அனுபவிப்பீர்கள். ஆனால் சோமாலிய எல்லைக்குப் போகும் பக்கம் அது, நிலப்பகுதியில் தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. தெருவழியாகப் போகாதீர்கள். நைரோபியிலிருந்தோ மொம்பாசாவிலிருந்தோ விமானத்தில் பக்கத்துத் தீவான மண்டாவில் இறங்கிப் படகில் போங்கள். பயணச்சீட்டு எடுக்கும் வாரத்தில் நிலைமையை மறுபடி விசாரியுங்கள். சரியில்லை என்று தெரிந்தால் மொம்பாசாப் பழைய நகரத்திலேயே தங்கிவிடுங்கள். அங்கும் நூற்றாண்டுகள் கண்ட பள்ளிவாசல்கள் உண்டு.

நான் கொழும்பில் தேயிலைத் தரகு நிறுவனமொன்றில் பயிற்சியில் இருக்கிறேன். மொம்பாசா ஏலத்தைப் போய்ப் பார்க்க முடியுமா ஐயா?
— இளைஞர், கொள்ளுப்பிட்டி

தம்பி, கூவி விற்கும் ஏலத்தைப் பார்க்கும் காலம் இங்கே போலவே அங்கும் முடிந்துவிட்டது, எல்லாம் கணினியில். ஆனால் ருசிபார்க்கும் அறைகள் இருக்கின்றன. உங்கள் நிறுவனம் மூலம் முன்பே எழுதிக் கேட்டால் பெரும்பாலும் வரவேற்பார்கள். அங்கே வருவது ஏறக்குறைய எல்லாமே சீ.டீ.சீ., அதாவது இலையை இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய தேயிலை. கோப்பையில் நிறம் பிரகாசமாக, கனமாக நிற்கும். நம் உயர்நிலத் தேயிலையின் மணத்தைத் தேடி அதைக் குடித்தால் அதன் நல்ல பக்கம் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். பாலோடும் குடியுங்கள், பால் இல்லாமலும் குடியுங்கள். நேரமிருந்தால் கெரிச்சோவுக்குப் போய்த் தோட்டங்களைப் பாருங்கள், நைரோபியிலிருந்து வாகனத்தில் ஐந்து மணி நேரமளவு. ஊதா நிற இலையுள்ள ஒரு தேயிலை இனத்தை அங்கே வளர்க்கிறார்கள், கிடைத்தால் ஒரு பொதி வாங்கி வாருங்கள். தொழிலுக்குப் புதிதாக வந்த வயதில் இரண்டு நாட்டு இலையையும் பக்கத்தில் வைத்து ருசிபார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை. லீவு தரமாட்டார்கள் என்று நினைத்துக் கேளாமல் இருந்துவிடாதீர்கள்.