வாசகர் கேள்வி–பதில்: தகரத்தில் ஓடிய கார்களும் கோட்டில் ஓடிய கார்களும்

கேள்வி: ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ படத்தில் வரும் காரும், அதே பெயரில் வந்த கார்ட்டூன் தொடரின் காரும் ஒன்றுதானா? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: உருவம் ஒன்று, குணம் வேறு. 1985-இல் வெளியான படத்தில் நாம் பார்த்த டிலோரியன், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரை ஒட்டிய டன்மரியில் உண்மையாகவே தயாரிக்கப்பட்ட கார். சுமார் 9,000 கார்களைச் செய்து முடிப்பதற்குள் நிறுவனம் நொடித்துப்போய், 1982-இல் தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது. ஆகவே, படம் திரைக்கு வந்தபோது அது சந்தையில் தோற்றுப்போய் மூன்றாண்டுகள் கடந்திருந்த வண்டி. அதன் வெளித்தகட்டுக்குப் பெயின்ட் கிடையாது. நம் வீட்டுச் சமையலறையில் எவர்சில்வர் என்று சொல்கிறோமே, அதே உலோகம்தான். கதவுகள் பறவைச் சிறகுபோல மேல்நோக்கித் திறக்கும். கதையின் தொடக்க வரைவுகளில் காலப் பயணத்துக்கான இயந்திரம் காராகவே இல்லை, ஒரு குளிர்பதனப் பெட்டியாக இருந்தது. படத்தைப் பார்க்கும் பிள்ளைகள் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் ஏறி உட்கார்ந்துவிடுவார்களோ என்ற அச்சமும் அதைக் கைவிட ஒரு காரணமாயிற்று.

இந்தக் காரின் வேகமானியைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். அக்காலத்து அமெரிக்க விதிப்படி, அங்கே விற்கப்படும் கார்களின் வேகமானியில் எண்கள் மணிக்கு 85 மைலோடு நின்றுவிடும். காலத்தைத் தாண்டுவதற்கோ 88 மைல், அதாவது ஏறத்தாழ 142 கிலோமீட்டர் வேகம் தேவை. முள் சென்று நிற்பதற்கு எண்ணே இல்லாததால், 95 வரை குறிக்கப்பட்ட வேறொரு முகப்பைப் படக்குழுவினர் பொருத்த வேண்டியிருந்தது.

1990-இல் வந்த மூன்றாம் படத்தின் முடிவில் ரயில் மோதி இந்தக் கார் நொறுங்கிவிடும். மறு ஆண்டே தொடங்கிய கார்ட்டூன் தொடர் அதை மீண்டும் உருவாக்கியதோடு நில்லாமல், காலத்தை மட்டுமன்றித் தூரத்தையும் நொடியில் கடக்கும் ஆற்றலையும், கைப்பெட்டிக்குள் அடங்குமாறு மடிந்துகொள்ளும் வித்தையையும் அதற்குச் சேர்த்துக் கொடுத்தது. மடித்து எடுத்துச் செல்லும் காருக்கு நிறுத்துமிடம் தேட வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆயினும், மின்னல் விழ இன்னும் சில நிமிடங்களே இருக்கும்போது இன்ஜின் கிளம்ப மறுத்து நின்றுவிடும் அந்தப் படக்காட்சியின் பதைப்பு, எல்லாம் வல்ல கார்ட்டூன் காரிடம் ஒருபோதும் வரவில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: பேட்மேனின் கார் முதலில் சித்திரத்தில் தோன்றியதா, தெருவில் ஓடியதா? (திருச்சி வாசகி)

பதில்: சித்திரத்தில்தான். 1939-இல் வெளியான முதல் பேட்மேன் கதையில் அவர் ஏறிச் சென்றது சாதாரணமான ஒரு சிவப்பு நிற செடான். பேட்மொபைல் என்ற பெயர் 1941-இல்தான் வந்தது. ஆனால், பேட்மேனின் கார் என்றதும் பலருக்கும் நினைவில் எழும் உருவம் 1966-ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடருக்கு உரியது. அதுவோ வேறொரு காரின் மறுபிறவி. 1955-இல் இத்தாலியின் டூரின் நகரில், கியா பட்டறையில் கைவேலையாக உருவாக்கப்பட்ட லிங்கன் ஃப்யூச்சுரா என்ற காட்சிக் கார், கண்காட்சிகளில் சுற்றி, ஒரு படத்தில் சிவப்புப் பூச்சுடன் தலைகாட்டி, பின்னர் கேட்பாரற்றுக் கிடந்தது. அதை, கார்களை உருமாற்றி வடிவமைக்கும் ஜார்ஜ் பாரிஸ் என்பவர் ஒரே ஒரு டாலருக்கு வாங்கி வைத்திருந்தார். தொடருக்குக் கார் வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, கையில் இருந்த அவகாசம் சுமார் மூன்று வாரங்கள். ஏற்கெனவே உயர்ந்து நின்ற பின்பக்க வால்களை வௌவால் சிறகாக நீட்டி, இரட்டைக் கண்ணாடிக் குமிழியின் கூரையை நீக்கி, கறுப்புப் பூச்சின் ஓரங்களில் சிவப்புக் கோடு இழுத்து முடித்துவிட்டார்கள். ஒரு டாலருக்கு வாங்கிய அந்தக் கார் 2013-இல் அரிசோனாவில் நடந்த ஏலத்தில், கட்டணங்கள் உட்பட 46 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு விலைபோனது.

கார்ட்டூன் வடிவங்களில் 1992-ஆம் ஆண்டுத் தொடரின் காருக்கே நான் முதலிடம் தருவேன். அந்தத் தொடரின் பின்னணிகளைக் கறுப்புத் தாளின்மேல் தீட்டினார்கள். வெள்ளைத் தாளில் இருளைப் பூசுவதற்கு மாறாக, இருளில் தொடங்கி வேண்டிய இடங்களில் மட்டும் வெளிச்சத்தை வைத்தார்கள். அத்தகைய இரவில், அளவுக்கு மீறி நீண்ட பானட்டுடன் அந்தக் கார் வரும்போது, எது வண்டி, எது நிழல் என்று பிரித்தறிவதே கடினம். உண்மையான தெருவில் அவ்வளவு நீளக் காரை ஒரு முனையில் திருப்பிப் பார்த்தால் தெரியும் சங்கதி!

கேள்வி: ‘தி டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்’ தொடரின் ஆரஞ்சு நிறக் கார் உண்மையாகவே தாவியதா, கேமரா தந்திரமா? (சேலம் வாசகர்)

பதில்: உண்மையாகவே தாவியது, ஆனால், தாவிய கார் பெரும்பாலும் மறுபடி படத்துக்கு உதவவில்லை. ஜெனரல் லீ என்று பெயரிடப்பட்ட அந்த 1969-ஆம் ஆண்டு மாதிரி டாட்ஜ் சார்ஜர், 1978 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் முதன்முதலாகத் தாவியபோது, ஏறத்தாழ 16 அடி உயரமும் 82 அடி தூரமும் பறந்தது. இன்ஜின் முன்பக்கம் இருப்பதால், சக்கரம் தரையை விட்டு அகன்ற கணமே வண்டியின் மூக்கு கீழ்நோக்கிச் சாயும். அதைச் சமன்செய்ய டிக்கியில் பாரம் ஏற்றுவார்கள். திரையில் வண்டி சீராக மிதந்து இறங்குவதாகத் தோன்றும். இறங்கிய பின் அடிச்சட்டம் வளைந்து கிடப்பதைக் காட்டுமுன் காட்சியை வெட்டிவிடுவார்கள். 1979 முதல் 1985 வரை ஓடிய அத்தொடர் விழுங்கிய கார்கள் முந்நூறை ஒட்டும் என்பது பொதுவான கணக்கு. கடைசிக் காலத்தில் செலவு கட்டுப்படியாகாமல், சிறு மாதிரிக் கார்களைத் தாவவிட்டுப் படம்பிடித்தார்கள். அது பார்த்தவுடனே தெரிந்தும்விட்டது.

1983-இல் ஹன்னா–பார்பெரா நிறுவனம் இதைக் கார்ட்டூனாக்கி, ஜெனரல் லீயை உலகப் பந்தயத்துக்கு அனுப்பியது. ஒரு கார்கூட நசுங்காமல் இருபது அத்தியாயங்கள் முடிந்தன. தாவலுக்கு விலை இல்லாத இடத்தில் தாவலுக்கு மதிப்பும் இல்லை என்பதாலோ என்னவோ, அந்தத் தொடர் மூலத்தின் அளவுக்குப் பேசப்படவில்லை. அந்தக் காரின் கூரையில் வரைந்திருந்த, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடி, 2015-இல் பெரும் சர்ச்சைக்கு உள்ளாகி, பொம்மைக் கார்களிலிருந்தும் நீக்கப்பட்டது. அது நீக்கப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை.

கேள்வி: ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ கார்ட்டூனில் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலாக இருந்த, காராக உருமாறும் ரோபோ பம்பிள்பீ, படத்தில் ஏன் செவர்லே கமாரோவாக மாறியது? (மதுரை வாசகர்)

பதில்: 53 என்ற எண்ணைத் தாங்கிய ஹெர்பி என்னும் பீட்டில் 1968 முதலே திரையில் புகழ்பெற்றிருந்ததால், அதன் சாயல் விழக்கூடாது என்று 2007-ஆம் ஆண்டுப் படத்தின் இயக்குநர் மைக்கேல் பே கருதினார். அப்படத்தில் பழைய கார் விற்கும் இடத்தில் கமாரோவின் அருகிலேயே ஒரு மஞ்சள் பீட்டில் நிற்பதைக் கவனியுங்கள். 2018-இல் வந்த படத்தில் பம்பிள்பீ மீண்டும் பீட்டிலாகவே வந்துவிட்டது.

கேள்வி: பிக்ஸாரின் ‘கார்ஸ்’ படத்தில் கார்களுக்குக் கண்கள் ஏன் முன்விளக்கில் இல்லை? (நாகர்கோவில் வாசகி)

பதில்: முன்விளக்கில் கண்ணை வைத்தால் முகம் பம்பருக்குள் குறுகி, பின்னால் நீண்ட உடம்போடு பாம்பைப் போலத் தோன்றும், முன்கண்ணாடியில் வைத்தாலோ வண்டி முழுவதும் முகமாகிவிடும். டிஸ்னியின் 1952-ஆம் ஆண்டுக் குறும்படமான ‘சூசி தி லிட்டில் ப்ளூ கூப்பே’யிலேயே இந்த உத்தி இருக்கிறது.

இந்தப் படத்தின் பாத்திரங்களில் பழைய வரலாறு உள்ளவர் டாக் ஹட்சன். 1951-ஆம் ஆண்டு ஹட்சன் ஹார்னெட் என்ற உண்மையான காரே அவர். அந்தக் காரின் தரை, அடிச்சட்டத்துக்கு மேலே அமையாமல் அதன் நடுவே தாழ்வாக அமைந்திருந்ததால், ஏறுகிறவர் ஒரு படி கீழிறங்கியே உட்கார வேண்டும். எடை அவ்வாறு தாழ்ந்திருந்ததால் வளைவுகளில் வண்டி சாயாமல் ஒட்டி ஓடியது. அதைக் கொண்டே பந்தய ஓட்டுநர் ஹெர்ப் தாமஸ் 1951-லும் 1953-லும் அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயப் பட்டத்தை வென்றார். டாக் பந்தயத்துக்குப் புறப்படும்போது அவர் பக்கவாட்டில் தெரியும் ‘ஃபேபுலஸ் ஹட்சன் ஹார்னெட்’ என்ற எழுத்துகள், தாமஸ் ஓட்டிய காரின் பக்கவாட்டிலும் எழுதப்பட்டிருந்தவைதாம்.