பழ வாசனை தூக்கலாக இருக்கும் ரெட் ஒயினோடு என்ன சாப்பிடலாம்?

கனமாக இல்லாத, பழ வாசனை நிறைந்த ஒரு ரெட் ஒயின் சொல்லுங்கள், அதோடு என்ன சாப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் போஜொலே. பிரான்சில் லியோன் நகரத்துக்கு வடக்கே இருக்கும் குன்றுப் பகுதியின் பெயர் அது, அங்கே கமே என்ற கறுப்புத் திராட்சையில் செய்யும் ஒயினுக்கும் அதே பெயர்தான்.

சாப்பாட்டுக்குப் போகும் முன் ஒரு விஷயம். பழ வாசனை வேறு, இனிப்பு வேறு. முதன்முதலாக ஒரு போஜொலே புட்டி கிடைத்தபோது மூடியைத் திறந்ததும் செர்ரியும் ராஸ்பெர்ரியும் மணந்தது, சரி, இனிப்போடு போகும் என்று நம்பி அதைச் சாக்லேட் கேக்கோடு வைத்துக் குடித்தேன். கேக் ஒரு வாய், ஒயின் ஒரு வாய் என்று போனதில் பழம் எங்கோ மறைந்து, மிஞ்சியது வெறும் புளிப்புத் தண்ணீர். ஒயினில் எந்தக் குறையும் இல்லை. திராட்சையில் இருந்த சர்க்கரையை ஈஸ்ட் கிட்டத்தட்ட முழுவதுமாக ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது, ஆகவே மூக்குக்குத்தான் அது பழம், நாக்குக்குப் புளிப்பும் கொஞ்சம் துவர்ப்பும். உணவு ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் தோற்றுப்போகும். அன்றிலிருந்து போஜொலேயை இனிப்புப் பண்டத்தின் பக்கம் நான் கொண்டுபோவதில்லை.

அந்தப் பழ வாசனை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி பதில் கிடைத்த மாதிரி. பொதுவாக ரெட் ஒயினுக்குத் திராட்சையை நசுக்கித் தோலோடு நொதிக்க விடுவார்கள். போஜொலேயில் பெரும்பாலும் கொத்துக் கொத்தாக, நசுக்காமல், தொட்டியில் போடுகிறார்கள். அடியில் உள்ளவை மேலே இருப்பவற்றின் எடையில் நசுங்கி நொதிக்க ஆரம்பிக்கும், அதில் கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு தொட்டியை நிரப்பும், மேலே உடையாமல் இருக்கும் பழங்கள் காற்றே இல்லாமல் தம் தோலுக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கும். ஸ்ட்ராபெர்ரி, சில சமயம் வாழைப்பழம் மாதிரிகூட வரும் அந்த வாசனைகள் இந்த முறையில் உண்டாகிறவை. கமே திராட்சையிலேயே டானின், அதாவது துவர்ப்பைத் தரும் பொருள், குறைவு, இந்த முறையில் தோலிலிருந்து இன்னும் குறைவாகத்தான் இறங்கும், அதனால் வாய் வறண்டு இழுக்கும் அந்தத் துவர்ப்பு பெரிதாக இருக்காது. இவ்வளவு நல்ல திராட்சையை 1395-இல் போஜொலேக்கு வடக்கே உள்ள பர்கண்டியை ஆண்ட கோமகன் ஃபிலிப் மோசமான செடி என்று சொல்லித் தன் நிலப்பகுதியிலிருந்து பிடுங்கி எறிய உத்தரவு போட்டார். அங்கே அது பினோ நுவார் என்ற இன்னொரு கறுப்புத் திராட்சையிடம் இடத்தை இழந்தது, தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில் நன்றாக வேர் பிடித்துக்கொண்டது.

ஆக, துவர்ப்பு குறைவு, புளிப்பு நன்றாக உண்டு, பழம் நிறைய. இதற்குப் பொருந்துவது உப்பும் கொழுப்பும் உள்ள எளிய சாப்பாடு. லியோனில் புஷோன் என்று சொல்லும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் ஒன்றில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. அடி கனத்த 46 சென்டிலிட்டர் கண்ணாடிப் புட்டியில் போஜொலே வந்தது, அந்தப் புட்டிக்கு அங்கே 'போ' என்று பெயர். கூடவே தட்டில் உலர்த்திய பன்றி இறைச்சி சாசேஜ், அதாவது சோசிசோன், மெல்லிய வில்லைகளாக வெட்டி வைத்திருந்தார்கள். கொழுப்பு நாக்கில் படிந்திருக்க, ஒரு வாய் ஒயின் அதைத் துடைத்து எடுத்துவிடுகிறது, உப்பு ஒயினின் புளிப்பை அடக்கிப் பழத்தை முன்னால் தள்ளுகிறது, உடனே அடுத்த வில்லைக்குக் கை போகிறது. அப்புறம் வந்தது லியோன் சாலட். கசப்புக் கீரை, வறுத்த பன்றி இறைச்சித் துண்டுகள், மேலே உடைத்தால் மஞ்சள்கரு வழியும் முட்டை. முட்டைக்கு ஒயின் பொருத்துவது கஷ்டம் என்பார்கள், துவர்ப்பு அதிகமான ஒயினாக இருந்தால் அது உண்மைதான், ஆனால் இந்த ஒயின் அந்த மஞ்சள்கருவோடு சண்டை போடவே இல்லை.

வீட்டில் என்றால் நான் முதலில் சொல்வது தோல் மொறுமொறுவென்று வறுபட்ட முழுக்கோழி. போஜொலேக்கு அதைவிடப் பாதுகாப்பான ஜோடி எனக்குத் தெரியாது. ஈரலை அரைத்துச் செய்யும் பாத்தே, ஹாம், வெண்ணெயில் வதக்கிய காளான், சாசேஜோடு வேகவைத்த பருப்பு, எல்லாமே நன்றாகப் போகும். சீஸ் என்றால் மென்மையானவை, ஆட்டுப்பால் சீஸ் அல்லது லியோன் பக்கத்து சான் மார்செலான். காரமான சாப்பாட்டுக்கும் கனமான ரெட் ஒயினைவிட இது மேல், காரமும் டானினும் சேர்ந்தால் வாய் எரியும். ஆனால் ஆல்கஹாலும் காரத்தை ஏற்றிவிடும் என்பதால் மிளகாய் அதிகமென்றால் நான் ஒயினே எடுப்பதில்லை. மீனில் சுட்ட சால்மன் சரி. மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீன் வேண்டாம், ரெட் ஒயினில் இருக்கும் இரும்பு அந்தக் கொழுப்போடு சேர்ந்து கவுச்சியைக் கிளப்பிவிடும்.

இன்னொன்று, தயவுசெய்து கொஞ்சம் குளிரவைத்துக் குடியுங்கள். ரெட் ஒயின் என்றாலே அறை வெப்பம் என்று சொல்லிச் சொல்லி இந்த ஒயினைக் கெடுத்துவிட்டார்கள். 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் நல்லது. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்தால் போதும். சூடேறினால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும், பழம் தளர்ந்துபோகும்.

எந்தப் புட்டி எடுப்பது? நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வெளிவரும் போஜொலே நூவோ, அந்த ஆண்டு அறுவடையில் சில வாரங்களில் செய்தது, அதைச் சீக்கிரம் குடித்துவிட வேண்டும், சோசிசோன் தட்டோடு போதும். அதை மட்டும் குடித்துவிட்டுப் போஜொலே இவ்வளவுதான் என்று முடிவு கட்டியவர்கள் நிறைய, அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஏனென்றால் அந்தப் பகுதியில் க்ரூ என்று தனி அந்தஸ்து பெற்ற 10 இடங்கள் இருக்கின்றன, அவற்றின் புட்டிகளில் பெரும்பாலும் இடத்தின் பெயர்தான் பெரிதாக இருக்கும், போஜொலே என்று தேடினால் கண்ணில் படாது. அவற்றில் ஃப்ளூரி என்ற இடத்து ஒயின் பூ வாசனையோடு மென்மையாக இருக்கும், கோழிக்கு நான் எடுப்பது அதுதான். மோர்கோன் இன்னும் அழுத்தமானது. மூலான் ஆ வான் நல்ல ஆண்டாக இருந்தால் 10 வருடம்கூடத் தாங்கும், ஒயினில் மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சிக்கு அதைத் தைரியமாகத் திறக்கலாம்.

புட்டியில் மிச்சம் இருந்தால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், 2, 3 நாள் தாங்கும். மறுநாள் மதியம் முந்தின நாள் கோழியை ஆறினபடியே பிய்த்து, ரொட்டியும் கொஞ்சம் கடுகு சாஸும் வைத்து, அந்த மிச்ச ஒயினோடு சாப்பிட்டுப் பாருங்கள். எனக்கு அது முதல் நாள் சாப்பாட்டைவிடப் பிடிக்கும்.