சிவப்பு நாள் சந்தேகங்கள்: நோர்வே விடுமுறைகள் பற்றி அக்காவிடம் கேட்டவை

ஒஸ்லோவுக்கு வந்து 30 வருடமாகிறது. புதிதாக வருகிறவர்கள் விடுமுறை பற்றிக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். இந்தமுறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். நாட்காட்டியில் சிவப்பில் அச்சிடுவதால் பொது விடுமுறைக்கு இங்கே 'சிவப்பு நாள்' என்றே பேர்.

சென்னையிலிருந்து வேலைக்கு வந்திருக்கிறேன். வருடத்துக்கு எத்தனை சிவப்பு நாள், அக்கா? ஞாயிறில் விழுந்தால் திங்கட்கிழமை லீவு உண்டா?

கிடையாது தம்பி. மொத்தம் 12. அதில் ஈஸ்டர் ஞாயிறும் பெந்தெகொஸ்தே ஞாயிறும் எப்படியும் ஞாயிறுதான், பேருக்கு மட்டும் கணக்கில் இருக்கின்றன. தேதி மாறாத நாட்கள் சனி, ஞாயிறில் விழுந்தால் விழுந்ததுதான். 2026இல் தேசிய தினமான மே 17 ஞாயிறு, போச்சு. ஆனால் இயேசு விண்ணேறிய நாள் எப்போதும் வியாழன். அதற்கு அடுத்த வெள்ளியை 'இன்னக்ளெம்ட்' என்பார்கள், நடுவில் மாட்டி நசுங்கிய நாள். அந்த ஒரு நாளுக்கு லீவு போட்டால் நாலு நாள் சேர்ந்து கிடைக்கும். வேலைத்தலத்தில் எல்லாருக்கும் அதன்மேல் கண் இருக்கும். ஜனவரியிலேயே கேட்டு வையுங்கள்.

போன ஈஸ்டருக்கு வீட்டில் பால்கூட இல்லை. எந்தக் கடையும் திறக்கவில்லை. ஏன் இப்படி?

எல்லாருக்கும் ஒருமுறை நடக்கும். பெரிய வியாழன் தொடங்கித் திங்கள் வரை ஐந்து நாளில், பெரிய கடைகள் திறப்பது சனிக்கிழமை மட்டும்தான். அதுவும் பின்னேரத்துக்குள் பூட்டிவிடுவார்கள். 100 சதுர மீட்டருக்கு உட்பட்ட கடைகளும் பெட்ரோல் நிலையங்களும் திறக்கலாம் என்று சட்டத்தில் இடம் உண்டு. வந்த முதல் வருடம் நான் சோறும் பருப்புமாக நாலு நாளை ஓட்டினேன். வெங்காயம் பக்கத்து வீட்டுக் கடன்.

உள்ளூர்க்காரர் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சுவீடனில் பெரிய வியாழன் வேலை நாள். அன்றைக்கு ஸ்வினெசுண்ட் எல்லைப் பக்கம் போய்ப் பாருங்கள், இறைச்சியும் சோடாவும் வாங்கப் போகிற நோர்வே கார்களின் வரிசை தெரியும். இதற்கு 'ஹாரி' பயணம் என்று கிண்டலாகப் பேர் வைத்துவிட்டு, அவர்களே போவார்கள்.

ஈஸ்டர் வந்தால் பால் பெட்டியில்கூடக் கொலைக்கதை போடுகிறார்களே, இது என்ன பழக்கம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 1923இல் நோர்டால் கிரீக், நில்ஸ் லீ என்ற இரண்டு இளைஞர்கள் புனைபெயரில் ஒரு ரயில் கொள்ளைக் கதை எழுதினார்கள். பதிப்பகத்தின் தலைவர் கிரீக்கின் சொந்த அண்ணன். ஈஸ்டருக்கு முந்திய வாரம் 'ஆஃப்டன்போஸ்டன்' நாளிதழின் முதல் பக்கத்தில், 'நேற்றிரவு பேர்கன் ரயில் கொள்ளையடிக்கப்பட்டது' என்று பெரிய எழுத்தில் விளம்பரம் வந்தது. அது புத்தகத்தின் தலைப்பு. கவனிக்காதவர்கள் செய்தி என்றே நினைத்துப் பதறிப்போனார்கள். புத்தகம் அமோகமாக விற்றது. அன்று பிடித்த பழக்கம் இன்றைக்கும் விடவில்லை.

இதில் வியாபார மூளை இருந்தது உண்மை. ஆனால் ஈஸ்டர் என்றால் நிறையப் பேர் மலையிலுள்ள மரவீட்டுக்குப் போய்விடுகிற நாட்டில் கதைப் புத்தகம் நன்றாகவே பொருந்தியது. பகலில் பனிச்சறுக்கு, பையில் தோடம்பழமும் 'குவிக் லுன்ஷ்' சாக்லேட்டும், இரவில் கொலைகாரன் யார் என்ற யோசனை. அந்தச் சாக்லேட் உறையின் உட்புறத்தில் மலைக்குப் போகிறவர்களுக்கான விதிகளை அச்சடித்திருப்பார்கள். 'நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை' என்பது அதில் ஒன்று. சாப்பிட்டுவிட்டு எறியாமல் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

பேர்கனில் இருக்கிறோம். மகள் முதலாம் வகுப்பு. மே 17க்கு அந்தப் பாரம்பரிய உடுப்பு கட்டாயமா? விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

கட்டாயமே இல்லை தங்கச்சி. 'புனாட்' பல பத்தாயிரம் குரோணர் வரும். வெள்ளி நகை வேறு. அநேகம் பேர் பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போதுதான் எடுத்துக் கொடுக்கிறார்கள். பட்டுப் பாவாடை கட்டி அனுப்புங்கள், அழகாக இருக்கும். உள்ளே கம்பளி உள்ளுடுப்பு போட மறக்காதீர்கள், உங்கள் ஊர் மழை உங்களுக்குத் தெரியும். புனாட் போடுகிறவர்களுக்குத்தான் தொல்லை அதிகம்: அதோடு கறுப்புக் கண்ணாடி போட்டால் குறை சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'புனாட் பொலிஸ்' என்று பட்டப்பெயர்.

1814இல் எய்ட்ஸ்வோல் என்ற இடத்தில் 112 பேர் கூடி அரசியலமைப்பை எழுதினார்கள். அதில் கையெழுத்தான நாள் இது. அதே வருடம் சுவீடனோடு இணையவேண்டி வந்தது, தனிநாடானது 1905இல்தான். இராணுவ அணிவகுப்பைக் காட்டாமல் பாடசாலைப் பிள்ளைகளை நடக்கவிடுவதுதான் இந்த நாளின் அழகு. 1870இல் ஒஸ்லோவில் ஆண்பிள்ளைகளோடு தொடங்கிய ஊர்வலத்தில் 1889இல் பெண்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். ஒஸ்லோவில் அரச குடும்பம் அரண்மனை மாடத்தில் நின்று மணிக்கணக்காகக் கைகாட்டும்.

உங்களுக்கு வேலை ஊர்வலம் முடிந்த பிறகுதான். வகுப்புப் பெற்றோரின் 'டுக்னாட்' (சம்பளமில்லாமல் எல்லாரும் சேர்ந்து செய்கிற வேலை) பட்டியலில் உங்கள் பேரும் இருக்கும்: கேக், கோப்பி, சொசேஜ் அவிப்பது, சாக்கு ஓட்டம். போன வருடம் எனக்கு விழுந்தது ஐஸ்கிரீம் பெட்டி. நெஞ்சில் குத்திய மூவர்ண நாடாவில் சாக்லேட் வழிய வழிய மூன்றாவது ஐஸ்கிரீமுக்கு வந்து நின்ற பையனுக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அன்றைக்கு எந்தப் பிள்ளைக்கும் கணக்குப் பார்க்கமாட்டார்கள்.

தீபாவளிக்கு லீவு கேட்கலாமா?

கேட்கலாம், சட்டம் இருக்கிறது. உங்கள் சமயத்தின் பண்டிகைக்கு வருடத்தில் இரண்டு நாள் வரை எடுக்கலாம். குறைந்தது 14 நாள் முன்பே சொல்லவேண்டும். அந்த நேரத்தைப் பிறகு வேலைசெய்து ஈடுகட்டச் சொல்ல முதலாளிக்கு உரிமை உண்டு.

கூட வேலைசெய்கிறவர் டிசம்பர் 24 இரவு வீட்டுக்கு அழைத்திருக்கிறார். எப்படி நடந்துகொள்வது?

நாட்காட்டியில் 24 சிவப்பு நாளே அல்ல. ஆனால் இவர்களுக்கு நத்தார் என்றால் அந்த இரவுதான். ஐந்து மணிக்குக் கோயில் மணி அடிக்கும், அதற்குப் பிறகு தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. குடும்பத்தாரோடு மட்டும் இருக்கிற இரவு அது. உங்களை அழைத்தது பெரிய விஷயம், கட்டாயம் போங்கள். மேற்குப் பக்கத்தவர் என்றால் உப்பிட்டு உலர்த்திய ஆட்டு விலாவை பேர்ச் மரக்குச்சிகளின்மேல் வைத்து ஆவியில் அவித்திருப்பார்கள். கிழக்குப் பக்கம் பன்றி விலா. ஆடு, பன்றி சாப்பிடாதவர் என்றால் முன்னமே சொல்லிவிடுங்கள். சாப்பாடு முடிந்ததும் மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பாடுவார்கள், சொல் தெரியாவிட்டாலும் சேர்ந்து நடவுங்கள்.

அப்புறம், அரிசிக் கஞ்சி தந்தால் மெதுவாக மெல்லுங்கள். சட்டிக்கு ஒரு பாதாம் பருப்பு போட்டிருப்பார்கள். கிடைத்தவர் அதைக் கன்னத்தில் ஒளித்து வைத்திருந்து கடைசியில் காட்டவேண்டும். பரிசு, மார்சிப்பான் என்ற பாதாம் இனிப்பில் செய்த பன்றிக்குட்டி. இது தெரியாமல் முதல் வருடம் நான் அதைக் கடித்து விழுங்கிவிட்டேன். பிள்ளைகள் சட்டியைச் சுரண்டித் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் வாயே திறக்கவில்லை.