‘சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே!’

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். நான் தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். அவருக்கு சிப்காட்டில் ஷிப்ட். சொன்ன வேலையைத் தட்டமாட்டார், மாவுகூட அரைத்துத் தருவார். ஆனால் ஒவ்வொன்றையும் நான்தான் சொல்ல வேண்டும். அலுத்துப்போய்க் கத்தினால், ‘சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே’ என்கிறார். தப்பு என் மேலா?
– வாசகி, கடலூர்

பதில்: இல்லை. அவரும் சோம்பேறி இல்லை. உங்கள் வீட்டில் கைவேலை பங்காகிவிட்டது, நினைவில் வைக்கும் வேலை மொத்தமும் உங்களிடமே கிடக்கிறது.

மாவையே பாருங்கள். அரிசி, உளுந்து ஊற நாலு மணி நேரம், அரைக்க ஒன்று, நம் ஊர் வெக்கைக்குப் புளிக்க எட்டு. திங்கள் காலை ஏழு மணிக்கு இட்லி என்றால் ஞாயிறு மாலை ஆறுக்குள் ஊறப்போட்டாக வேண்டும். உளுந்து தீர்ந்திருந்தால் அதற்கு முன்பே கடைக்குப் போக வேண்டும். கிரைண்டர் முன்னால் அவர் நிற்கும் ஒரு மணி நேரம் எல்லார் கண்ணிலும் படும். மதியமே உளுந்து டப்பாவைத் திறந்து பார்த்தது யார் கணக்கிலும் வராது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் பேசி 2019-ல் எழுதிய ஆய்வு இதை நாலாகப் பிரிக்கிறது: தேவையை முன்கூட்டி உணர்வது, வழி தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது. முடிவைப் பெரும்பாலும் இருவரும் சேர்ந்தே எடுக்கிறார்கள். முதலாவதும் கடைசியும்தான் பெண் தலையில் அதிகம் விழுகின்றன. அங்கேயும் அப்படித்தான்!

அதனால் இரண்டே இரண்டு பொறுப்புகளை முழுசாகக் கொடுங்கள். பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புவது போல மணி பார்த்து ஓடும் வேலை வேண்டாம், நைட் ஷிப்ட் வாரத்தில் நின்றுபோகும். தேதிக் கணக்கில் ஓடுவதே அவருக்குச் சரி. உதாரணத்துக்கு, மாமியாரின் சர்க்கரை மாத்திரை. தினம் இரண்டு என்றால் மாதம் 60, பத்து மாத்திரை அட்டை ஆறு. இரண்டு அட்டை மிச்சமிருக்கும்போதே வாங்குவது, மூன்று மாத சர்க்கரைப் பரிசோதனை, டாக்டர் சீட்டு எல்லாம் அவர் போனில், அவர் பொறுப்பில்.

அடுத்தது, அவர் பக்கத்து விசேஷங்கள். பத்திரிகை வந்ததிலிருந்து மொய் நோட்டைப் புரட்டுவது, யார் போவது, போக முடியாவிட்டால் போன் போட்டுச் சமாதானம் சொல்வது வரை. உங்களை அதிகம் களைப்பாக்குவது இதுவாகத்தான் இருக்கும்.

அவருடைய வார ஓய்வு நாளில், சாப்பிட்ட பிறகு பேசுங்கள். பஸ்ஸில் இருந்து இறங்கிய சூட்டோடு வேண்டாம்.

இரண்டாவது வாரமே ‘அட்டை எத்தனை இருக்கு?’ என்று உங்களிடம் கேட்பார். ‘டப்பாவைப் பாருங்க’ என்பதோடு நிறுத்துங்கள். பதில் சொன்னால் பொறுப்பு உங்களிடமே திரும்பி வந்துவிடும். மருந்தில் மட்டும் பரீட்சை வேண்டாம். அந்த இரண்டு அட்டை பத்து நாள் தாங்கும், அதுவும் தீரும் நிலை வந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வளைகாப்பை மறந்தால் மறக்கட்டும், நாத்தனார் கோபத்தை உங்கள் கணவரே வாங்கிக்கொள்ளட்டும்.

‘எம்புள்ள மருந்துக்கடையில நிக்கணுமா’ என்று மாமியார் முணுமுணுத்தால், அதற்குப் பதில் சொல்வதும் அவர் பொறுப்பில்தான் சேரும்.