நாஸ்கா கோடுகள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அண்ணா, நாஸ்கா கோடுகள் எங்கே இருக்கின்றன? எவ்வளவு பழமையானவை?

பதில்: இவை தரையில் வரைந்த மிகப் பெரிய கோடுகளும் உருவங்களும். பெரு நாட்டின் தெற்கில், நாஸ்கா, பால்பா ஊர்களுக்கு இடைப்பட்ட வறண்ட சமவெளியில் இருக்கின்றன. பெரும்பாலானவை கி.மு. 500 முதல் கி.பி. 500 வரையிலான காலத்தைச் சேர்ந்தவை. குரங்கு, சிலந்தி உருவங்கள்தான் பிரபலம். ஆனால் அங்கே நேர்கோடுகளும் சரிவக வடிவங்களுமே மிக அதிகம்.

கேள்வி: சார், இத்தனை காலம் அழியாமல் இருக்க என்ன சாயம் பூசினார்கள்?

பதில்: சாயமே இல்லை. அந்தத் தரை முழுக்க இரும்புத் துரு ஏறிக் கறுத்த சிறு கற்கள். அவற்றைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்கினால் அடியில் வெளிர் மண் தெரியும். அதுதான் கோடு. பல கோடுகளின் ஆழம் ஒரு சாணுக்கும் குறைவு. மழை என்பதே அபூர்வமான இடம் என்பதால் தங்கிவிட்டது.

கேள்வி: வானத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும் என்கிறார்களே. அப்படியென்றால் வேற்றுக்கிரகவாசிகளா?

பதில்: இல்லவே இல்லை. 1927-இல் பெருவின் தொல்லியலாளர் தோரிபியோ மெஹியா செஸ்பே இந்தக் கோடுகளைக் கவனித்தது கால்நடையாகப் போனபோதுதான். பக்கத்துக் குன்றுகளில் ஏறினாலே பல உருவங்கள் தெரியும். 1982-இல் ஜோ நிக்கெல் என்பவர் அமெரிக்காவின் கென்டக்கியில் உறவினர்கள் சிலரோடு கயிறும் மரக்குச்சியும் வைத்தே, நாஸ்காவில் உள்ள, சுமார் 134 மீட்டர் நீளமுள்ள பெரிய கழுகு உருவத்தை அப்படியே வரைந்து காட்டினார். நாஸ்கா மக்களின் உழைப்பைப் பறித்து விண்கலத்துக்குக் கொடுப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கேள்வி: சரி, அப்புறம் எதற்காக வரைந்தார்கள்?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி இது. குரங்கு, ரீங்காரச்சிட்டு போன்ற பெரிய உருவங்களைப் பாருங்கள். ஒரே கோடு உள்ளே போய், உருவம் முழுவதையும் சுற்றி, தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாமல் வெளியே வருகிறது. பார்ப்பதற்கான படம் என்பதைவிட, வரிசையாக நடந்து போவதற்கான பாதை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். கோடுகளின் மேல் உடைந்த மண்பாண்டங்கள் கிடைத்திருக்கின்றன, வழிபாட்டில் உடைத்திருக்கலாம். தண்ணீருக்காக ஏங்கிய ஊர் அது. நிலத்தடி நீரைக் கொண்டுவர அவர்கள் வெட்டிய 'புக்கியோ' என்னும் சுரங்கக் கால்வாய்களில் சில இன்றும் ஓடுகின்றன. அதனால் நீர் வேண்டிய சடங்கு என்ற கருத்தை நான் நம்புகிறேன். ஆனால் ஆயிரம் ஆண்டு வழக்கத்துக்கு ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

கேள்வி: துடைப்பத்தோடு ஒரு அம்மா அங்கேயே வாழ்ந்தாராமே?

பதில்: மரியா ரைஹே. ஜெர்மனியில் பிறந்த கணித ஆசிரியை. 1940-களில் தொடங்கி 1998-இல் இறக்கும்வரை அந்தக் கோடுகளே அவர் வாழ்க்கை. பெருக்கினார், அளந்தார், காவல் காத்தார். இது வான நாட்காட்டி என்ற அவர் கருத்தைப் பலர் இப்போது ஏற்பதில்லை. ஆனாலும் 1994-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இவை இடம்பெற்றதில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

கேள்வி: ஏஐ வைத்துப் புதிதாகக் கண்டுபிடித்தது உண்மையா?

பதில்: உண்மை. ஜப்பானின் யமகட்டா பல்கலைக்கழகக் குழு 2024-இல் 303 புது உருவங்களை அறிவித்தது. பெரும்பாலும் சிறியவை, நடைபாதைகளை ஒட்டியவை.

கேள்வி: நேரில் போனால் கோட்டின் மேல் நடக்கலாமா?

பதில்: கூடாது. அந்தத் தரையில் ஒரு காலடி பட்டாலே தடம் நெடுங்காலம் நிற்கும். 2018-இல் ஒரு லாரி சாலையை விட்டு இறங்கிச் சில கோடுகளைக் கெடுத்தது. நெடுஞ்சாலை ஓரத்துப் பார்வைக் கோபுரத்தில் ஏறுங்கள். மரம், கைகள் என்ற உருவங்கள் நன்றாகத் தெரியும். பக்கத்திலேயே ஒரு பல்லி உருவமும் இருக்கிறது. சாலை போட்டபோது அதன் உடலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.