கல்யாண மண்டபத்தில் லேப்டாப்

அன்புள்ள ஐயா,

கோவையில் பதினோரு பேர் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் நாலரை வருடமாக இருக்கிறேன். சர்வர், டேட்டாபேஸ், பேக்கப் எல்லாம் என் பொறுப்பு. அக்கா கல்யாணத்தன்றுகூட மண்டபத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். “நீ இல்லேன்னா கம்பெனியே இல்லப்பா” என்கிறார் முதலாளி. பெருமையாகவும் இருக்கிறது, மூச்சும் முட்டுகிறது. பெரிய நிறுவனத்துக்குப் போய்விடலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

முதலாளி மனதாரத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஆளை நம்பி ஒரு நிறுவனம் ஓடுகிறதென்றால் அது ஆபத்து, அந்த ஆளுக்கும் சேர்த்து.

மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்ததைப் படித்துப் பாருங்கள். டேட்டாபேஸ் ரெப்ளிகேஷன், அதாவது முதன்மை சர்வரில் இருப்பதை இரண்டாவது சர்வருக்கும் உடனுக்குடன் நகலெடுப்பது, நின்றுபோய், அதைச் சரிசெய்ய ஒரு பொறியாளர் ராத்திரி வரை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார், அதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. சரி, பேக்கப் இருக்குமே என்று பார்த்தால் அந்த இடம் காலி. டேட்டாபேஸின் பதிப்பு 9.6, பேக்கப் எடுக்க ஓடிய கருவியோ பழைய 9.2; இரண்டும் ஒத்துப்போகவில்லை. தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அதே பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

அந்த நிறுவனத்தை நான் மதிப்பது அதற்குப் பிறகு செய்ததற்காக. நடந்ததை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அந்த அறிக்கையில் அவர் பெயர் கிடையாது, ‘குழு உறுப்பினர் 1’ மட்டும்தான். பேக்கப் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்கள்.

உங்களிடம் பொறுப்பு இருக்கிறது, ஆனால் மாற்று ஆள் இல்லை. கடைசியாக எடுத்த பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா? இந்த வாரமே பாருங்கள். அதையும் நீங்கள் செய்யாதீர்கள். நீங்கள் எழுதிவைத்த குறிப்பைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்து, அவரைச் செய்யச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் தடுமாறி உங்களைக் கூப்பிடுகிறாரோ, அந்த வரி இன்னும் உங்கள் தலைக்குள்தான் இருக்கிறது. அதை எழுதுங்கள். அப்புறம் லேப்டாப்பை எடுக்காமல் நாலு நாள் ஊருக்குப் போய் வாருங்கள்.

சின்ன நிறுவனத்தை விட்டு அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாடிக்கையாளரின் புகார் தொடங்கி டிஸ்க் நிரம்புவது வரை முழுவதையும் ஒரே ஆள் பார்க்கும் வாய்ப்பு பெரிய இடங்களில் எளிதில் அமையாது. இன்னொன்று: பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தால், வேலையை விடும்போது கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. நாலரை வருடத்தில் அதை ஏன் விடுகிறீர்கள்?

ஆனால் இரண்டாவது ஆளைப் பழக்க வேண்டும் என்று முதலாளியிடம் நேரடியாகக் கேளுங்கள். “அதெல்லாம் எதுக்குப்பா, நீதான் இருக்கியே” என்று அவர் சொன்னால், ஐந்து வருடம் முடிய மீதியிருக்கும் அந்த ஆறு மாதத்தில் வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள்.